கால்முட்டு நுண்துளை அறுவை: மார்த்தாண்டம் பக்கம் அதிகம் கேட்கும் கேள்விகள்

குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் பிசியோதெரபி பார்க்கிறேன். என்னிடம் வரும் முட்டுகளில் பாதி நாகர்கோவிலில் அறுவை செய்தவை, மீதி எல்லை தாண்டி நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் பக்கம் செய்தவை. எங்கே செய்தாலும் வீட்டுக்கு வந்தபின் கேட்கும் கேள்விகள் ஒன்றுதான். 19 வயதில் பந்து விளையாடும்போது இடதுமுட்டு திரும்பி நானும் இதே மேசையில் படுத்தவன். அதனால் இந்தக் கேள்விகளின் பின்னால் உள்ள பயம் எனக்குத் தெரியும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடியும். முட்டு நேராவதும் மடங்குவதும் பலம் பிடிப்பதும் அதற்கப்புறம் பல வாரம், வீட்டுக் கட்டிலில் நடக்கிற வேலை. அந்த வேலையை ஏனோ யாரும் விவரமாகச் சொல்லி அனுப்புவதில்லை. கீழே உள்ளவை பொதுவான விவரங்கள். உங்கள் முட்டுக்குள் என்ன செய்தார்கள் என்பது அறுவை செய்த டாக்டருக்குத்தான் தெரியும். அவர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

"ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று டாக்டர் சொன்னார். அப்படி என்றால் என்ன?

எந்த ஜவ்வு என்று கேட்டுவிட்டு வாருங்கள். முட்டுக்குள் இருக்கும் இரண்டு வேறு பொருள்களுக்கு நாம் இந்த ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.

ஒன்று மெனிஸ்கஸ். தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் இடையில் பிறை வடிவில் உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இருக்கும் மெத்தை. உடல் பாரத்தை ஏந்திப் பரப்புவது இதுதான். இதன் வெளி விளிம்புக்கு மட்டும் ரத்த ஓட்டம் உண்டு, உள்விளிம்புக்கு இல்லை. அதனால் விளிம்போரம் கிழிந்தால் தைத்துப் பார்க்கலாம். உள்ளே கிழிந்து தொங்கினால் பெரும்பாலும் அந்தத் துண்டை மட்டும் சீவி எடுப்பார்கள்.

மற்றொன்று லிகமென்ட். எலும்பையும் எலும்பையும் கட்டிவைத்திருக்கும் கயிறு. அதில் அதிகம் அறுவது ஏ.சி.எல். எனப்படும் முன்புறக் குறுக்குக் கயிறு. ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது 'டப்' என்று சத்தம் கேட்டது, அன்று மாலைக்குள் முட்டு வீங்கியது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவு வருவது அதுதான்.

சீவி எடுத்தால் ஓய்வு சில வாரம். தைத்தால் சில மாதம். கயிறு மாற்றினால், அதாவது அறுந்த லிகமென்டுக்குப் பதிலாக வேறு இடத்துத் தசைநாணை எடுத்து வைத்தால், கிட்டத்தட்ட ஒரு வருடம். பக்கத்து வீட்டுக்காரர் பத்து நாளில் நடந்தார், எனக்கு ஏன் முடியவில்லை என்று மனம் உடைந்து வருகிறவர்களிடம் நான் முதலில் டிஸ்சார்ஜ் தாளைத்தான் வாங்கிப் பார்ப்பேன். அநேகமாக அவருக்கு நடந்தது வேறு அறுவையாக இருக்கும்.

துளை வழியாக எப்படிச் செய்கிறார்கள்?

முட்டின் முன்பக்கம் இரண்டு சிறு கீறல், சில நேரம் மூன்று. ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்குள். ஒன்றின் வழியாக சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனான கேமராக் குழல் போகும், மற்றதன் வழியாகக் கத்தரியும் சீவும் கருவியும் போகும். உள்ளே உப்பு நீரைச் செலுத்தி முட்டை விரிய வைத்து, திரையில் பார்த்தபடி வேலை செய்வார்கள். ரத்தம் வந்து திரையை மறைக்காமல் இருக்கத் தொடையில் ஒரு பட்டையை இறுக்குவார்கள். ஆபரேஷனுக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் முட்டைவிடத் தொடை வலிக்கிறது என்று பலர் சொல்வது அந்தப் பட்டையால்தான்.

இந்த முறைக்கு வழி திறந்தவர்கள் ஜப்பானியர்கள். 1918-ல் டோக்கியோவில் கென்ஜி தாகாகி, சிறுநீர்ப்பை பார்க்கும் குழலை இறந்தவர் ஒருவரின் முட்டுக்குள் விட்டுப் பார்த்தார். அவருடைய வழியில் வந்த மசாகி வதனாபே 1962-ல் கிழிந்த மெனிஸ்கஸ் துண்டை இந்த முறையில் முதன்முதலாக வெட்டி எடுத்தார். அதற்கெல்லாம் முன்பு முட்டைத் திறந்துதான் செய்யவேண்டும். துளை சிறியதாகிவிட்டது, ஆனால் உள்ளே நடக்கும் வேலை சிறியதல்ல. வெளியே இரண்டு தையல்தானே என்று நினைத்து மூன்றாம் நாளே மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அம்மாவுக்கு 58 வயது. தேய்மானம் என்கிறார்கள். துளை போட்டு உள்ளே கழுவிவிட்டால் வலி போகுமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் அதிகம் எழுதுகிறேன். கடன் வாங்கிச் செய்துவிட்டு வலி அப்படியே இருக்க, கண் கலங்கி என் முன்னால் உட்கார்ந்த அம்மாமார் பலர்.

தேய்மானத்துக்குத் துளை வழியே கழுவுவதும் சீவுவதும் பலன் தருவதில்லை. 2002-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு உண்மையான அறுவை, சிலருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்துவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் வலியில் வித்தியாசமே இல்லை. 2013-ல் பின்லாந்தில், வயதால் நைந்து கிழிந்த மெனிஸ்கஸ் உள்ள 146 பேரிடம் இதே போலச் செய்தபோதும் அதே முடிவு. 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல், தேய்மான முட்டுக்கு இந்த அறுவை வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது.

ஆனால் எம்.ஆர்.ஐ.யில் கிழிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறதே என்பார்கள். 50 வயது தாண்டியவர்களை அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் ஊரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2008-ல் எழுதினார்கள். மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டு வலியே இல்லை. நரைத்த முடி மாதிரி, வயதானால் ஸ்கேனில் தெரியத்தான் செய்யும். அதுதான் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

அம்மாவுக்கு நான் சொல்வது: தொடைத் தசைக்குப் பயிற்சி மூன்று மாதம் விடாமல், எடை கூடுதல் என்றால் ஐந்து கிலோவாவது குறைப்பது, உயரமான நாற்காலி, வலி கூடும் நாளில் மாத்திரை. இதற்கும் அடங்காமல் இரவுத் தூக்கம் கெடும் அளவு போனால் அப்போது மூட்டு மாற்று பற்றிப் பேசலாம், அது வேறு அறுவை. முட்டு திடீரென்று பூட்டிக்கொண்டு மடக்கவும் நீட்டவும் முடியாமல் நின்றுவிடுகிறது என்றால் மட்டும் கதை வேறு. அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

மகனுக்கு 22 வயது, லிகமென்ட் அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டுமா?

உடனே செய்யவேண்டிய அவசரம் இல்லை. ஸ்வீடனில் 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே அறுவையும் மறு பாதிக்கு முதலில் பயிற்சியும் கொடுத்தார்கள். 2010-ல் அந்த முடிவு வந்தது. பயிற்சிப் பக்கம் இருந்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் இரண்டு வருடத்தில் அறுவை இல்லாமலே சமாளித்திருந்தார்கள்.

அதனால் நான் கேட்பது, மகன் என்ன வேலை செய்கிறான், என்ன விளையாடுகிறான் என்பதுதான். கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவன் என்றால் மூன்று மாதம் பயிற்சி செய்து பார்க்கலாம். தூத்தூர் பக்கம் மாதிரி பந்தே உயிர் என்று இருப்பவன், அல்லது ஆழ்கடலில் ஆடும் போட்டில் நின்று வலை இழுப்பவன், நடக்கும்போதே முட்டு இடறி இடறிப் போகிறவன் என்றால் செய்துகொள்வதுதான் நல்லது. இடறும் ஒவ்வொரு முறையும் மெனிஸ்கஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியும். செய்வதாக முடிவானாலும் வீக்கம் வடிந்து முட்டு முழுதாக நீண்ட பிறகே மேசைக்குப் போங்கள். விறைத்த முட்டோடு உள்ளே போனால் விறைத்த முட்டோடுதான் வெளியே வருவீர்கள்.

முதலில் வர்ம ஆசானிடம் உழிச்சில் (எண்ணெய் தடவல்) செய்து பார்க்கலாமா?

இது வர்ம வைத்தியம் வளர்ந்த மண். முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியும் கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியும் இருக்கின்றன. என் தாத்தா காலத்தில் முட்டு பிசகினால் ஆசான்தான். தசைப் பிடிப்புக்கும் நாட்பட்ட வலிக்கும் எண்ணெயும் சூடும் இதம் தருவதை நானே பார்த்திருக்கிறேன், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இரண்டு நேரத்தில் கூடாது. அடிபட்ட முதல் சில நாள், முட்டு வீங்கிச் சூடாக இருக்கும்போது அழுத்தித் தடவினால் உள்ளே ரத்தக்கசிவு கூடும், எலும்பில் கீறல் இருந்தால் அதுவும் விலகும். எக்ஸ்ரே பார்த்த பிறகு முடிவெடுங்கள். அடுத்தது, அறுவைக்குப் பின் காயம் முழுதாக ஆறும் வரை. துளைக்கு மேல் எண்ணெய் பட்டால் கிருமி உள்ளே போக வழி. கெண்டைக்கால் வீங்கியிருக்கும்போது எவரையும் தடவ விடாதீர்கள், அதற்குக் காரணம் கீழே வருகிறது. அப்புறம், லேகியமோ அரிஷ்டமோ குடித்துவந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கோபப்படமாட்டார், அவருக்கு அது தேவையான தகவல்.

நாகர்கோவிலா, திருவனந்தபுரமா?

ஊரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு தையல் பிரிக்க, நீர் எடுக்க, பயிற்சி காட்ட என்று பலமுறை போகவேண்டிவரும். ஊன்றுகோலோடு அந்தப் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ உங்களால் போய்வர முடியுமா என்று பாருங்கள். சிக்கல் வந்தால் இரவிலும் போய்ச் சேரக்கூடிய தூரமா என்றும் பாருங்கள்.

காப்பீட்டு அட்டை விஷயத்தில் பலர் ஏமாந்து நிற்கிறார்கள். தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. கேரளத்தில் காருண்யா திட்டம் தனி. ஒரு மாநில அட்டை எல்லைக்கு அப்பால் தானாகச் செல்லும் என்று நினைத்து அட்மிட் ஆகிவிடாதீர்கள். அந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா, இந்த அறுவைக்குப் பணம் தருமா, நாணைப் பொருத்தும் திருகாணிக்கும் பட்டனுக்கும் தனியாகக் கேட்பார்களா என்று காப்பீட்டுக் கவுண்டரில் முந்திய வாரமே கேளுங்கள்.

எல்லைக்கு அப்பால் போனால் சம்மதப் படிவம் மலையாளத்தில் இருக்கலாம். நம்மில் பலர் மலையாளம் பேசுவோம், வாசிக்க வராது. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்துப் போடுங்கள். எந்தக் கால், என்ன அறுவை என்ற இரண்டு வரியை மட்டுமாவது விரல் வைத்துக் கேளுங்கள். அதில் கூச்சமே வேண்டாம்.

முந்தைய நாள் என்ன செய்யவேண்டும்?

திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன் நிறுத்துவார்கள், வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன். பெரும்பாலான இடங்களில் நள்ளிரவுக்குப் பின் ஒன்றும் வேண்டாம் என்பார்கள். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை இரண்டையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாக விழுங்கவும் வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள். பீடி சிகரெட்டை எவ்வளவு முன்பு விடுகிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் காயம் ஆறும். முட்டை நீங்களே ஷேவ் செய்யாதீர்கள். சிறு வெட்டு பட்டாலும் ஆபரேஷனைத் தள்ளிப்போட நேரும்.

ஊன்றுகோலை முன்பே வாங்கி, நல்ல காலோடு வீட்டு வாசல் படியில் நடந்து பழகுங்கள். நம் பக்கத்து வீடுகள் மேட்டிலும் பள்ளத்திலும் இருக்கின்றன. மழையில் செம்மண் சரிவு எப்படி வழுக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

முதுகில் ஊசி போட்டால் காலமெல்லாம் முதுகுவலி என்கிறார்களே?

அப்படி இல்லை. குத்திய இடம் சில நாள் வலிக்கலாம், பிறகு போய்விடும். இடுப்புக்குக் கீழே சில மணி நேரம் மரத்திருக்கும், அன்று சிறுநீர் கழிக்கச் சிரமம் இருக்கலாம். எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் சரியாகிறது என்றால் அதை உடனே சொல்லுங்கள், அதற்கு வைத்தியம் இருக்கிறது. விழித்திருப்பவர்கள் சில இடங்களில் திரையில் தங்கள் முட்டின் உள்ளையே பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்த இரவு கட்டு சிவப்பாக நனைந்துவிட்டது. ரத்தமா?

பெரும்பாலும் உள்ளே விட்ட உப்பு நீர் கொஞ்சம் ரத்தத்தோடு கசிவது. முதல் நாள் இது சகஜம். மேலே பஞ்சு வைத்துக் கட்டி, காலை உயர்த்திப் படுங்கள். கட்டு மாற்ற மாற்ற பளிச்சென்ற சிவப்பில் நனைந்துகொண்டே இருந்தால் மருத்துவமனைக்குப் பேசுங்கள்.

முட்டுக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கிறது. வைக்கலாமா?

வைக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இது இருக்கட்டும்.

வீங்கிய முட்டு லேசாக மடங்கி இருக்கத்தான் விரும்பும். தலையணை வைத்தால் வலி குறையும், தூக்கம் வரும். ஆனால் மடங்கிய நிலையிலேயே உள்ளே தழும்பு இறுகி, முட்டு முழுதாக நீள மறுத்துவிடும். எனக்கு நடந்தது அதுதான். அறுவை நன்றாகவே நடந்தது. ஆனால் தலையணை பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா அன்போடு பஞ்சுத் தலையணையை முட்டுக்கு அடியில் வைத்தார், மூன்று வாரம் அப்படியே கிடந்தேன். அப்புறம் கால் நேராக வரவே இல்லை. நடந்தால் நொண்டல். அதை நிமிர்த்த இரண்டு மாதம் பல்லைக் கடித்தேன். பத்து டிகிரி நீளாத முட்டுதானே என்று தோன்றும், ஆனால் அந்தப் பத்து டிகிரியில் தொடைத் தசை ஒரு நொடியும் ஓய்வில்லாமல் தாங்கவேண்டியிருக்கும்.

துவர்த்தை (துண்டை) சுருட்டிக் குதிங்காலுக்கு அடியில் வையுங்கள். முட்டு அந்தரத்தில் தன் பாரத்தால் நேராகும். பத்து நிமிடம், ஒரு நாளில் நாலைந்து தடவை. வலிக்கும், ஆனால் பொறுக்கிற அளவு வலிதான்.

என்ன பயிற்சி? எப்போது தொடங்குவது?

மரத்துப்போனது தெளிந்த உடனே, ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே. முதலில் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, மணிக்கு இருபது தடவை. கெண்டைக்காலில் ரத்தம் தேங்கி உறையாமல் இருக்க இது.

அடுத்தது தொடையை இறுக்குவது. காலை நீட்டி, முட்டுக்குப் பின்பக்கத்தைக் கட்டிலோடு அழுத்துங்கள். தொடை கல் மாதிரி ஆகவேண்டும். ஐந்து எண்ணும் வரை வைத்து விடுங்கள். பத்து தடவை, விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும். "சார், எனக்க தொடை எனக்க சொல் கேக்கல்லே" என்று ரப்பர் மரத்தில் பால்வெட்டும் அண்ணன் ஒருவர் சொன்னார். அது பயமோ சோம்பலோ அல்ல. முட்டுக்குள் 20, 30 மில்லி நீர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவு இருந்தாலே நரம்புகள் அந்தத் தசையை வேலை செய்யவிடாமல் அடக்கிவிடும். அதனால்தான் வீக்கத்தை வடிக்க இத்தனை பாடுபடுகிறோம்: ஐஸைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம், கால் இதயத்தைவிட உயரத்தில். ஐஸை வெறும் தோலில் வைத்து புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு, துணி கட்டாயம்.

தொடை இறுக வந்ததும் நேராக நீட்டிய காலை ஒரு சாண் தூக்குவது. அப்புறம் மடக்குவது. சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து குதிங்காலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்தால் வழுக்கிக்கொண்டு வரும். நாற்காலியில் உட்கார 90 டிகிரி வேண்டும், சைக்கிள் மிதிக்க சுமார் 110, குந்தி உட்கார 140-க்கு மேல். மெனிஸ்கஸ் தைத்திருந்தால் முதல் ஆறு வாரம் 90-க்கு மேல் மடக்க விடமாட்டார்கள். அப்போது ஆர்வக்கோளாறில் கூடுதலாக மடக்கித் தையலைப் பிய்த்துவிடாதீர்கள்.

எத்தனை நாளில் நடக்கலாம்?

சீவி எடுத்தவர்கள் அன்றோ மறுநாளோ ஊன்றுகோலோடு, ஒரு வாரத்தில் அது இல்லாமல். கயிறு மாற்றியவர்கள் பெல்ட்டும் ஊன்றுகோலுமாக இரண்டு முதல் நாலு வாரம். தைத்தவர்கள் ஆறு வாரம் வரை காலில் முழுப் பாரம் போடக்கூடாது என்பார்கள். நொண்டாமல் நடக்க வந்த பிறகே ஊன்றுகோலை விடுங்கள், நாள் கணக்கைப் பார்த்து அல்ல. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள கால் முதலில்.

மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்குமா?

பிடிக்காது. காயம் ஆறவும் தசை வளரவும் புரதம் வேண்டும், அதை மீனும் முட்டையும் பயறும்தான் தருகின்றன. சாளையும் நெத்திலியும் தாராளமாகச் சாப்பிடுங்கள். மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) மட்டும் கொஞ்சம் குறைத்து மீனைக் கூட்டுங்கள், நடமாட்டம் குறைந்த நாளில் மாவுச்சத்து எடையைத்தான் கூட்டும். மீனை நிறுத்தி இரண்டு வாரம் கஞ்சியும் ஊறுகாயுமாக இருந்து தொடை வற்றிப்போய் வருகிற முதியவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் வையுங்கள். சீழுக்கு உண்மையான காரணம் அங்கேதான் இருக்கும்.

குளிப்பது?

தையல் பிரிக்கும் வரை, அதாவது 10 முதல் 14 நாள், காயம் நனையாமல். குளத்திலும் ஆற்றிலும் கடலிலும் முங்குவதற்கு ஒரு மாதமாவது போகட்டும். திற்பரப்பு அருவிப் பாறைக்கு இந்த வருடம் போகாதீர்கள்.

குந்தும் கழிப்பறைதான் இருக்கிறது. ஜெபத்தில் முழங்காலிடலாமா?

முதல் ஆறு வாரத்துக்கு நடுவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலி போதும், வாடகைக்கும் கிடைக்கிறது. சுவரில் ஒரு பிடிக்கம்பி அடித்துவிடுங்கள். சீவி எடுத்தவர்கள் இரண்டு மாதத்தில் மெல்லக் குந்திப் பார்க்கலாம். தைத்தவர்கள், கயிறு மாற்றியவர்கள் நாலு முதல் ஆறு மாதம் பொறுக்கவேண்டும்.

முழங்காலிடுவது, தொழுகையில் அமர்வது இரண்டும் மனதுக்கு நெருக்கமான விஷயம் என்று தெரியும். தழும்பு ஆறி, டாக்டர் சரி என்றபின் மெத்தையில் தொடங்கிப் பழகலாம். முட்டுச்சிப்பிக்குக் கீழே இருந்து நாண் எடுத்து ஒட்டியிருந்தால் முழங்காலிடும்போது வலி நீண்ட நாள் இருக்கும். அதுவரை நாற்காலியில் அமர்ந்து ஜெபிப்பதில் குறை ஒன்றும் இல்லை. முட்டுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அளவு மரத்திருந்தால் பயப்படாதீர்கள். அங்கே ஓடும் சிறு நரம்பு அறுந்திருக்கும். அந்த இடம் மாதங்கள் போகப் போகச் சுருங்கும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சியும் இருக்கும்.

பைக்? பால்வெட்டு? கடல்?

பைக்கில் கேள்வி ஓட்டுவது அல்ல, வண்டி சாயும்போது அந்தக் காலை ஊன்றித் தாங்க முடியுமா என்பதுதான். சீவி எடுத்தவர்களுக்கு மூன்று நாலு வாரம், கயிறு மாற்றியவர்களுக்கு மூன்று மாதம் என்று சொல்வேன்.

பால்வெட்டு கடினமான வேலை. விடியும் முன்பு டார்ச் வெளிச்சத்தில் 300 மரத்துக்கு மேல், சரிவில் ஏறி இறங்கி, தாழ்ந்த பட்டைக்குக் குனிந்தும் குந்தியும் வெட்டவேண்டும். சீவி எடுத்தவர் ஆறு முதல் எட்டு வாரத்தில் சமநிலத்து மரங்களோடு தொடங்கலாம். கயிறு மாற்றியவர் ஆறு மாதத்துக்கு முன் சரிவுக்குப் போகக்கூடாது. மழைக்கால விடுப்பை ஒட்டி அறுவையை வைத்துக்கொண்டால் கூலி இழப்பு கொஞ்சம் குறையும். டாக்டரிடம் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

கடலுக்கு ஒன்பது மாதம். ஆடும் தளத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் சமநிலை வரவேண்டும், கரையிலிருந்து பல நாள் தூரத்தில் முட்டு திரும்பினால் தூக்கிவர ஆள் இல்லை.

எப்போது பயப்படவேண்டும்?

கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, இறுகி, தொட்டால் வலித்தால் உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். தடவாதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், உடனே 108. எல்லையின் இரு பக்கமும் அதே எண்தான். குறைந்துவந்த வலி மறுபடி ஏறி, முட்டு தீயாகச் சுட்டு, காய்ச்சலோ குளிரோ வந்தால், துளையில் சீழ் தெரிந்தால் மூட்டுக்குள் கிருமி. இது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வரும், ஆனால் ஒரு இரவு தள்ளினாலும் குருத்தெலும்பு அரிக்கும். மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுப் பார்ப்போம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

மூன்று மாதம் ஆயிற்று, வலியே இல்லை. பந்து விளையாடலாமா?

இன்னும் இல்லை, தம்பி. ரப்பர் கன்றில் ஒட்டு வைப்பதைப் பார்த்திருப்பாய். கட்டிய அன்று ஒட்டு இறுக்கமாகத்தான் இருக்கும். அது தாய்ப்பட்டையோடு ஒன்றாகும் வரை கை பட விடமாட்டார்கள். முட்டுக்குள் வைத்த நாணும் அப்படித்தான். பழைய செல்கள் செத்து, புது ரத்தக்குழாய் உள்ளே ஓடி, அது லிகமென்டாக மாறவேண்டும். அந்த மாற்றத்தில் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் அது மிகவும் மெலிந்திருக்கும். வலி போய் நீ தைரியமாக உணர்வதும் அதே நேரத்தில்தான். நார்வேயிலும் அமெரிக்காவிலும் 106 பேரைத் தொடர்ந்து பார்த்து 2016-ல் எழுதினார்கள்: ஒன்பதாம் மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது.

ஒன்பது மாதம் ஆனபின் ஒற்றைக்காலில் தாவிப் பார். அறுவை செய்த கால் தாவும் தூரம் மற்ற காலின் தூரத்தில் 90 சதவீதமாவது இருக்கவேண்டும். இல்லை என்றால் இன்னும் பயிற்சி.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது?

முதல் இரண்டு நாள் எல்லாம் செய்து கொடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து தண்ணீர்க் குவளையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்காமல் அடுத்த அறை மேசையில் வையுங்கள். பக்கத்தில் நடந்து போங்கள், பிடிக்காதீர்கள். தொடையை இறுக்கும்போது உங்கள் உள்ளங்கையை முட்டுக்கு மேலே வைத்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று எண்ணிக்கொடுங்கள். இரவு எல்லாரும் தூங்கிய பிறகு ஒருமுறை எழுந்து, அந்தத் தலையணை மறுபடி முட்டுக்கு அடியில் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள்.